கரகரத்த குரல்: ஈழத்துத் தமிழ்ப் பொப் இசையும் வன்னியின் செவியும்

வன்னிக் கிராமங்களில் இசைத்தட்டு வாங்கியவர் யார்? ஈழத்துத் தமிழ்ப் பொப் இசை பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் பாடியவர் எவர், முதலிற் பாடியவர் எவர், அவருள் மூத்தவர் எவர் என்ற வினாக்களுடன் அமைந்துவிடுகின்றனர். வாங்கியவர் எவர், எச்சூழலில் இருந்து கேட்டனர் என்ற வினாக்கள் எழுப்பப்படுவது அருமை. படைப்பாளியின் கையை விட்டு நீங்கிய கலை, கேட்போர் செவியை அடையும் வழியிலேயே தன் பொருளிற் பாதியைப் பெற்றுக்கொள்கின்றது. அதனை ஏற்றுக்கொள்ளின், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வயலுக்கும் காட்டுக்கும் இடையே அவ்விசை எவ்வாறு ஒலித்தது என்பது ஆய்வுக்குரிய பொருளேயாகும்.

மேனாட்டில் இத்தகைய வினாவுக்கு விடை காண்பது எளிது. 1961 ஒக்டோபரில் இங்கிலாந்தின் டாட்போட் புகையிரத நிலையத்தில் இரண்டு இளைஞர் சந்தித்துக்கொண்டனர். ஒருவர் இலண்டன் பொருளியற் கல்லூரி மாணவர். மற்றவர் ஓவியக் கல்லூரி மாணவர். ஆரம்பப் பள்ளியில் ஒன்றாகப் படித்துப் பின்னர் பிரிந்தவர்கள். அவர்களை மீண்டும் இணைத்தவை முதலாமவரின் கையிடுக்கில் இருந்த இசைத்தட்டுகள். சிக்காகோ நகரின் செஸ் நிறுவனத்துக்கு எழுதித் தபாலில் வரவழைக்கப்பட்ட, சக் பெரி, மடி வோட்டர்ஸ் ஆகியோரின் தட்டுகள் அவை. வைத்திருந்தவர் மிக் ஜாகர். கண்டு வியந்தவர் கீத் றிச்சர்ட்ஸ். அடுத்த ஆண்டு உருவாகிய றோலிங் ஸ்ரோன்ஸ் குழு தன் பெயரையே மடி வோட்டர்ஸ் 1950இல் வெளியிட்ட பாடலொன்றின் தலைப்பிலிருந்து எடுத்துக்கொண்டது. இங்கு இசைத்தட்டு என்பது ஓர் இளைஞனின் தனியுடைமை. அதை வாங்குவது ஒரு தெரிவு. தந்தையின் இசையும் பள்ளிக்கூடத்தின் இசையும் தன்னுடையவை அல்ல என்று அறிவிக்கும் தெரிவு. கடல் கடந்த ஒரு நகரத்துக் கறுப்பினத் தொழிலாளரின் இசையில் ஆங்கிலப் புறநகரின் நடுத்தர வகுப்பு மைந்தன் தன்னைக் கண்டுகொண்டமை விந்தையானதாயினும், மறுக்கவியலாத வரலாற்றுண்மை.

அவன் கண்டுகொண்டது எதனை? 'றிதம் அன்ட் புளூஸ்' என்னும் பெயர் 1949இல் பில்போட் வார இதழால் வழக்குக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன்னர் கறுப்பின மக்களுக்கென விற்கப்பட்ட தட்டுகள் 'இனத் தட்டுகள்' என்றே வழங்கின. பெயர் மாறியது, வாங்குவோரும் பாடுவோரும் மாறவில்லை. மிசிசிப்பியின் பருத்தித் தோட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே சென்ற மக்களுள் ஒருவரே மடி வோட்டர்ஸ். 1943இற் சிக்காகோவுக்கு வந்த அவர், மதுச்சாலைகளின் இரைச்சலுக்கிடையே மரக் கிதாரின் ஒலி எடுபடாமையால் மின்கிதாரைக் கையிலெடுத்தார். சிறிய ஒலிபெருக்கியை அதன் வலுவுக்கு மீறி முடுக்கும்போது ஒலி உடைந்து கரகரக்கும். அந்தக் கரகரப்புத்தான் அவ்விசையின் முத்திரையாயிற்று. தேவையின் பொருட்டு வந்து சேர்ந்த குறை, காலப்போக்கில் அழகாயிற்று என்பது மனங்கொளத்தக்கது. 1958இல் அவர் இங்கிலாந்துக்குச் சென்றபோது, தோட்டத்து நாட்டார் பாடகர் ஒருவரை எதிர்பார்த்து வந்திருந்த தூய்மைவாதிகள் சிலர் மின்கிதாரின் அலறலைக் கேட்டு முகஞ்சுளித்தனர். நாட்டார் தம் இசையை மாற்றிக்கொள்ளும் உரிமையுடையவர் என்பதை நாட்டாரிசை அபிமானிகளே ஏற்க மறுப்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம் போலும்.

இனி வன்னிக்கு வருவோம். டாட்போட் இளைஞனை ஒத்த இசைத்தட்டு வாங்குநன் வன்னிக் கிராமத்தில் அரிதினும் அரியவன். தட்டுச் சுழற்றும் பெட்டி இருந்த வீடுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மின்சாரம் நகரத் தெருக்களைத் தாண்டி அதிகம் உள்ளே செல்லவில்லை. அங்கே இசைத்தட்டை வாங்கியவர் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர். கல்யாண வீடு, சாமத்தியச் சடங்கு, கோயிற் பொங்கல் எதுவாயினும் அவர் தம் பெட்டியோடும் பற்றரியோடும் வந்திறங்குவார். உயர்ந்த மரமொன்றின் கிளையிலோ நட்ட கம்பத்திலோ கூம்புக் குழாய்கள் இரண்டு திசைக்கொன்றாகக் கட்டப்படும். அதிகாலையிற் சீர்காழி கோவிந்தராஜனும் ரி. எம். சௌந்தரராஜனும் பாடும் பக்திப் பாடல்கள். வெயிலேறச் சினிமாப் பாடல்கள். மாலை மங்கி இளைஞர் கூட்டம் சேர்ந்த பின்னரே பொப் பாடல்கள். இது எழுதப்படாத விதி. ஒரு கிராமத்தின் இசைச்சுவை அவருடைய தகரப்பெட்டியில் அடங்கியிருந்தது என்றாலும் மிகையன்று. ஆயினும் அவர் தம் விருப்பப்படி மட்டும் வாங்கியவரல்லர். எந்தத் தட்டுக்கு இளைஞர் 'திரும்பப் போடு' என்று கூவினரோ, அந்தத் தட்டே தேய்ந்தது. தேய்ந்த தட்டுக்கு மாற்றாக இன்னொன்று வாங்கப்பட்டது. எனவே வன்னியிற் பொப் இசையைத் தெரிந்தெடுத்தது ஒரு தனியாள் அன்று, ஒரு கூட்டம்.

கூம்புக் குழாயின் ஒலியியல் இங்கு கவனத்துக்குரியது. அக்குழாய் தாழ்ந்த ஒலியையும் மிக உயர்ந்த ஒலியையும் விழுங்கிவிடும். இடைப்பட்ட ஒலியை மட்டுமே வெகுதூரம் வீசும். மனிதக் குரலின் உறுதியான பகுதி அவ்விடைப்பட்ட ஒலியிலேயே இருக்கின்றது. ஆதலால் வயல்வெளி கடந்து, குளக்கட்டில் மோதி, காற்றோடு வந்து சேரும் பாடலில் வயலின்களின் மென்மை இராது. பாடுபவரின் தொண்டையும் தாளத்தின் அடியும் மாத்திரமே எஞ்சும். சினிமாப் பாடலின் பல்லியம் இவ்வழியில் நொந்து மெலிந்தது. கிதாரும் கொங்கோவும் கைதட்டும் ஒரு குரலும் கொண்ட பொப் பாடலோ எவ்விதச் சேதமுமின்றி வந்து சேர்ந்தது. உண்மையில் மேலும் உரம்பெற்று வந்தது. சிக்காகோவில் மின்கிதார் செய்த வேலையை வன்னியிற் கூம்புக் குழாய் செய்தது எனலாம். கொழும்பின் ஒலிப்பதிவுக் கூடத்தில் விளையாட்டாய்ப் பாடப்பட்ட பாடல், ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ கரகரத்த குரலாக மறுபிறவி எடுத்தது.

அப்பாடல்கள் எவை? 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன், திருகோணமலைப் பரமேஸ்–கோணேஸ் சகோதரர் முதலானோர் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தமிழிற் பாடத் தொடங்கினர். ஏறத்தாழ அதே காலத்திலேயே சிங்களத்திற் கிளாரன்ஸ் விஜேவர்தன மின்கிதாரை மெல்லிசைக்குள் கொண்டுவந்தார். ஜெரால்ட் விக்கிரமசூரிய தொடங்கிய 'சூரிய' இசைத்தட்டுகள் அவ்வலையை வீட்டுக்கு வீடு சேர்த்தன. தமிழ்ப் பாடகருக்கு அவ்வளவு பெரிய சந்தை இல்லை. எனினும் அவர்களுக்கு வேறொரு வாய்ப்பு வந்து வாய்த்தது. அது இசையுலகிலிருந்து வந்ததன்று. மிளகாய்த் தோட்டத்திலிருந்து வந்தது.

1970 முதல் 1977 வரை ஆட்சி புரிந்த அரசு வெளிநாட்டுச் செலாவணியைச் சேமிக்கும் பொருட்டு இறக்குமதிகளை இறுக்கியது. செத்தல் மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வருவது கட்டுப்படுத்தப்பட்டமையால் உள்ளூர் விளைச்சலுக்கு என்றுமில்லாத விலை கிடைத்தது. முத்தையன்கட்டு, விசுவமடு போன்ற இடங்களிற் காடு வெட்டிக் குடியேறிய இளைஞரின் கையில் முதன்முறையாகக் காசு புழங்கியது. இவர்களுட் பலர் படித்துவிட்டு வேலையின்றி இருந்து, யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து மண்வெட்டியோடு வந்தவர்கள். கொட்டிலிற் படுத்து, யானைக்குக் காவலிருந்து, இயந்திரத்தால் நீரிறைத்தவர்கள். அவர்களின் கொட்டிலில் முதலில் நுழைந்த ஆடம்பரப் பொருள் பற்றரியில் இயங்கும் வானொலிப் பெட்டியே. அதே இறக்குமதிக் கொள்கை, தென்னிந்தியாவின் வாராந்தச் சஞ்சிகைகளுக்கும் திரைப்படங்களுக்கும் தடை போட்டு, உள்ளூர்க் கலைக்குச் சற்று மூச்சுவிட இடமளித்தது. மிளகாய்க்கு விலையேற்றிய கைதான் தமிழ்ப் பொப்புக்கும் மேடை அமைத்தது. பொருளாதார அடித்தளத்துக்கும் கலைக்கும் உள்ள உறவை விளக்குவதற்குப் பெரிய நூல்களைப் புரட்டுவோர் இவ்வெளிய உதாரணத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' இவ்விசையின் முதற் பெரும் வெற்றி. அதன் அமைப்பு மிக எளிது. மருமகன் முறையான இளைஞன் ஒருவன் மாமியிடம் மகள் எங்கே என்று கேட்கின்றான். மாமி விடை பகர்கின்றாள். பகிடியாகத் தொடங்கிய பேச்சு வாய்ச்சண்டையாக முற்றுகின்றது. சினிமாப் பாடலிற் காதலன் நிலவையும் மலரையும் நோக்கிப் பேசுவான். இங்கே அவன் படலையிலே நின்று மாமியோடு வழக்காடுகின்றான். தமிழ்நாட்டுச் செந்தமிழ்ப் பாடலாசிரியரின் மொழியையே பாட்டின் மொழி என்று பழகிவந்த செவிக்கு, கிணற்றடியிலும் சந்தையிலும் வழங்கும் தன் சொந்தப் பேச்சும் விளியும் தட்டிலிருந்து ஒலிக்கக் கேட்டமை சிறிய நிகழ்ச்சியன்று. கொச்சையென்று பள்ளிக்கூடத்தில் அடிவாங்கித் தந்த மொழி அது. அதுவே இப்போது மரக்கிளையிலிருந்து ஊர் முழுவதற்கும் கேட்க முழங்கியது. டாட்போட் இளைஞன் தொலைவிலிருந்த ஒருவனின் குரலிலே தன்னைக் கண்டான். வன்னி இளைஞனோ தொலைவிலிருந்து வந்த தாளத்திலே தன் அயல்வீட்டுக் குரலைக் கேட்டான். இரண்டும் கண்டுபிடிப்பே, ஆயினும் திசை வேறு.

அப்பாடலில் ஓர் அமைதி உண்டு என்பதையும் கவனித்தல் வேண்டும். மாமி பேசுகின்றாள், மருமகன் பேசுகின்றான், யாரைப் பற்றி இவ்வளவு பேச்சோ அந்த மகள் மாத்திரம் ஒரு சொல்லும் பேசவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கின்றாள். பாடலாசிரியர் திட்டமிட்டாரோ இல்லையோ, அக்காலச் சமூக மாற்றத்தின் ஒரு துணுக்கு அதில் அகப்பட்டுவிட்டது. வீட்டுக்குள் இருந்திருக்க வேண்டிய பெண் படிக்கப் போய்விட்டமையால் எழுந்த சண்டையே அப்பாடல். இசைத்தட்டுக் கடைக்குப் போகவும் மேடைக்கு முன் நின்று ஆடவும் இயலாத பெண்களுக்கும் கூம்புக் குழாய் அதனைக் கொண்டுசென்றது. வேலிக்கு உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தவள் தான் பேசாத பாடலைக் கேட்டுச் சிரித்திருப்பாள். அவளுடைய மறுமொழியைப் பாட ஒருவரும் வரவில்லை. ஈழத்துத் தமிழ்ப் பொப் இசையின் பெருங்குறை அதுவே. அது இறுதிவரை ஆண்களின் பகிடியாகவே பெரும்பாலும் இருந்தது.

'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' வேறொரு வகையில் நுட்பமானது. சொல்லோ போகவேண்டாம் என்று கெஞ்சுகின்றது. தாளமோ கள்ளுக்கடையை நோக்கித் தள்ளாடிக்கொண்டு போகின்றது. மதுவிலக்குப் பிரசாரகரும் குடிகாரரும் ஒருங்கே சுவைக்கக்கூடிய பாடல் உலகில் எத்தனை உண்டு? போதனையையும் மயக்கத்தையும் ஒரே மூச்சில் வைத்துப் பாடுவது புளூஸ் பாடகருக்கும் கைவந்த கலையாகும். ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயமும் சனிக்கிழமை மதுச்சாலையும் அவர்களின் ஒரே தொண்டையிற் குடியிருந்தன. மனோகரனின் வழி இதனின் வேறானது. 'பொப் இசைச் சக்கரவர்த்தி' என்று கொண்டாடப்பட்ட அவரிடம் சொல்லைவிட மேடையே பெரிது. 'சுராங்கனி'யில் மீன் கொண்டுவந்த செய்தியைத் தவிரப் பொருளென்று தேடுவார்க்கு அகப்படுவது சொற்பம். ஆனால் சிங்களமும் தமிழும் ஒரே தாளத்திற் கைகோத்து ஆடிய அப்பாடல் தமிழ்நாடு வரை சென்றது. அங்கு அவர் சிலோன் மனோகர் என்று பெயர் பெற்றுத் திரைப்படங்களிலும் நடித்தார். 2018இற் சென்னையிற் காலமானார். நுண்மையை அளவுகோலாகக் கொண்டால் நித்தியே மேலானவர். கூட்டத்தை எழுந்து ஆடவைக்கும் ஆற்றலை அளவுகோலாகக் கொண்டால் மனோகரனுக்கு இணையில்லை. தட்டுத் தேய்ந்த வேகம் பின்னைய அளவுகோலையே சார்ந்தது.

இவ்விசையை இறக்குமதிச் சரக்கு என்று ஒதுக்குவோர் உளர். அவர்களுடைய வாதம் முற்றாகத் தள்ளத்தக்கதன்று. கிதார் இங்கு விளைந்ததன்று. பைலாவும் போர்த்துக்கேயர் காலத்து எச்சம். போர்த்துக்கேயர் அழைத்துவந்த ஆபிரிக்கரின் தாளமும் ஐரோப்பியரின் நாணிசையும் கலந்து கபிறிஞ்ஞாவாகி, மட்டக்களப்புப் பறங்கியரிடையேயும், வன்னிக்குத் தெற்கே அதிக தூரமில்லாத புத்தளத்துச் சிரம்பியடி ஆபிரிக்க வழியினரிடையேயும் அவ்வழிமரபு நிலைத்தது. பொலிஸ் உத்தியோகத்தராக இருந்த வொலி பஸ்ரியன் அதனைச் சிங்கள மக்களின் பொதுவுடைமையாக்கினார். தமிழ்ப் பொப் அங்கிருந்தே தன் நடையைக் கடன்வாங்கியது. கடன் என்பது உண்மை. அக்கடன் வன்னிச் செவிக்கு ஏன் அந்நியமாகப் படவில்லை என்பதே விடைகாண வேண்டிய வினா.

விடை தாளத்தில் உள்ளது. பைலாவின் நடை ஆறு அட்சரத்தது; மூன்று மூன்றாகத் துள்ளுவது, இடையிடையே இரண்டு இரண்டாக வெட்டி விளையாடுவது. நம்மவர் அதனைத் திஸ்ர நடை என்பர். கும்மியின் நடையும் அதுவே. றிதம் அன்ட் புளூசின் 'ஷஃபிள்' என்னும் இழுத்துத் துள்ளும் நடையும் ஒவ்வோர் அடியையும் மூன்றாகப் பிரித்து நடுவிலுள்ளதை விழுங்குவதாற் பிறப்பதே. ஆகவே மேற்காபிரிக்கக் கரையிலிருந்து மிசிசிப்பிக்குச் சென்றதும், கீழ்க்கரையிலிருந்து இலங்கைக்கு வந்ததும், வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குச் செல்லும் பெண்களின் கைகளில் முன்பே இருந்ததும் உறவுடைய நடைகள் என்று கொள்ள இடமுண்டு. ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று கூறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. ஒன்றைக் கேட்ட செவி மற்றதற்குக் கதவு திறக்கும் என்று கூறுவது ஒவ்வும்.

நடை மட்டுமன்றிப் பாடும் முறையும் ஒத்தது. அரிவு வெட்டுப் பாடலில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் அதனை ஏற்றுப் பாடுவர். சூடுமிதிக்கும் களத்தில் எருமைகளின் காலடியோடு பொலிப் பாட்டு எழும். புளூசில் முதலடி ஒருமுறை பாடப்பட்டு, மறுபடியும் பாடப்பட்டு, மூன்றாம் அடியில் விடை பெறும். ஒவ்வோர் அடியின் முடிவிலும் கிதார் 'ஓம்' என்று தலையசைக்கும். இரண்டும் வேலை செய்வோரின் இசை. மூச்சு வாங்க இடைவெளி விட்டுப் பாடும் இசை. வேலைக்களத்தில் எவரும் குரலை மெருகிட்டுப் பாடுவதில்லை. தூசியும் வெற்றிலையும் வெயிலும் சேர்ந்த குரலே அங்குள்ளது. முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்தில் விடியும்வரை பாடிய அண்ணாவியாரின் கடைசிச் சாமத்துக் குரலைக் கேட்டவர்களுக்குக் கரகரப்பு என்பது பழுதன்று, விழித்திருந்ததற்குச் சாட்சி. வன்னி நாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்த மெற்றாஸ் மயில் போன்றோரின் முயற்சியாற் சொற்கள் அச்சேறின. குரலை அச்சேற்ற வழியில்லை.

இங்குப் பல்கலைக்கழகத்தின் மீதும் ஒரு சொல். 1960களிற் பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை நகர மேடைக்குக் கொணர்ந்து, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றால் அதன் மதிப்பை நிலைநாட்டினார். அது பெரும்பணி. அவ்வரிசையில் வந்த திறனாய்வாளர் நாட்டார் வழக்கையும் பேச்சுமொழியையும் போற்றிப் பக்கம் பக்கமாக எழுதினர். பேச்சுமொழி சிறுகதையில் வந்தபோது வரவேற்றனர். நாடகத்தில் வந்தபோது கைதட்டினர். அதே மொழி கிதாரோடு வந்தபோது மாத்திரம் அது பொழுதுபோக்கு என்று விலகிக்கொண்டமை நியாயமன்று. மக்கள் கலை என்பது அழிந்துபோகும் நிலையிலிருந்தால் ஆய்வுக்குரியது, பெருகும் நிலையிலிருந்தால் ஒதுக்கத்தக்கது என்று ஒரு விதி உண்டோ? 1958இல் மின்கிதாரைக் கண்டு முகஞ்சுளித்த ஆங்கிலேயரை நினைத்து நகைப்பது எளிது.

அதற்காகப் பொப் இசையை அதன் தகுதிக்கு மேல் உயர்த்தவும் வேண்டியதில்லை. காடு வெட்டிய இளைஞர் அதனைக் கேட்டனர். ஆனால் காடு வெட்டுவதைப் பற்றி அது ஒன்றும் பாடவில்லை. மலேரியாக் காய்ச்சல், வட்டிக் கடன், குளம் வற்றிய ஆண்டு, யானை மிதித்த பயிர் எவையும் அதன் பொருளாகவில்லை. மடி வோட்டர்ஸின் இசை தோட்டத்தையும் தொடர்வண்டியையும் நகரத்துத் தனிமையையும் சுமந்து வந்தது. நம்முடையது மாமியையும் மாப்பிள்ளையையும் தாண்டிச் செல்லத் தயங்கியது. வன்னி அதற்குத் தன் கரகரப்பைக் கொடுத்தது. அது வன்னிக்குத் தன் சொற்களைக் கொடுக்கவில்லை. கொடுக்கக்கூடிய காலமும் நீடிக்கவில்லை.

1977இல் ஆட்சி மாறியது, பொருளாதாரம் திறக்கப்பட்டது. இறக்குமதி மிளகாய் வந்து உள்ளூர் மிளகாயின் விலையை வீழ்த்திய அதே ஆண்டுகளிற் கசெற் றெக்கோடர்கள் வந்து குவிந்தன. மத்திய கிழக்குக்குச் சென்றவர்கள் திரும்பும்போது தோளிற் சுமந்து வந்ததும் அதனையே. கூட்டத்தின் இசை இப்போது தனியாளின் கைக்கு வந்தது. நகரங்களில் 'றெக்கோடிங் பார்'கள் தோன்றின. வெற்றுக் கசெற் ஒன்றை வாங்கி, கொப்பித் தாளிற் பாடல்களின் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், சில நாளிற் பதிந்து தருவர். அறுபது நிமிடத்துக்கு எத்தனை பாடல், எதனை முதலில் வைப்பது, பக்கத்தின் கடைசியில் வெட்டுப்படாமல் எதனை நுழைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டு எழுதப்பட்ட அப்பட்டியலே வன்னி இளைஞனின் முதல் இசைத்தட்டு. டாட்போட் இளைஞன் சிக்காகோவுக்கு எழுதிய கடிதத்துக்கு நிகரானது அந்தக் கொப்பித் தாள்தான். அதில் இளையராஜாவின் புதிய பாடல்களுக்கு நடுவே ஒரு பொப் பாடல் இடம்பெற்றிருப்பின், அது எவரும் கேட்டுக் கொடுத்ததன்று, அவனே தெரிந்தெடுத்தது.

1983க்குப் பின் பாடகரும் வாத்தியக்காரரும் பலராகப் புலம்பெயர்ந்தனர். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிற் குடியேறினார். 1990இற் போர் மீண்டும் மூண்டபின் வன்னிக்கு மின்சாரமும் இல்லை, எரிபொருளும் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அகப்பட்டுக்கொண்டது. அப்போது மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து கம்பியிழுத்து வானொலி கேட்டனர். செய்திக்காகவே பெரும்பாலும் சுற்றினர். செய்தி முடிந்தபின் இரண்டொரு பாடலுக்காகவும் சுற்றினர். கசெற் போடும்போது சுற்றுபவரின் கை தளர்ந்தால் பாடல் குரல் தாழ்ந்து இழுபடும். உந்திச் சுற்றினாற் கீச்சிட்டு ஓடும். சுருதியும் லயமும் ஒரு மனிதனின் மூச்சைப் பொறுத்திருந்தன. உலகில் எந்த றிதம் அன்ட் புளூஸ் குழுவுக்கும் இத்தகைய பக்கவாத்தியம் வாய்த்ததில்லை. அக்காலத்து வன்னிக் கசெற்றுகளிற் பெரும்பாலானவை போர்க்காலப் பாடல்களே. அவற்றின் விரைவு நடையிலும் முரசடியிலும் பொப் இசையின் எச்சம் எவ்வளவு என்பது தனியே ஆராயப்பட வேண்டியது.

2002இல் தடை நீங்கியது. பின்னர் 2009. அவ்வாண்டின் முற்பகுதியில் வன்னி மக்கள் வீடு விட்டு வீடு, தறப்பாள் விட்டுத் தறப்பாள் பெயர்ந்தபோது முதலிற் கைவிடப்பட்டவற்றுள் இப்பெட்டிகளும் அடங்கும். உயிரையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடியவர் தேய்ந்த தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவரோ? ஒலிபெருக்கிக்காரரின் தகரப்பெட்டி, றெக்கோடிங் பாரின் மூலப் பிரதிகள், கொப்பித் தாட் பட்டியல்கள் யாவும் மண்ணுக்குள் போயின. ஆகவே வன்னியின் இசைச்சுவையை ஆராய முற்படுவோர்க்கு வன்னியிற் சான்று இல்லை. மெல்பேணிலோ தொறொன்ரோவிலோ ஒருவர் பாதுகாத்த பிரதியைக் கொண்டே தொடங்க வேண்டியுள்ளது. முதியவரின் நினைவு இன்னும் சிறிது காலத்துக்கு உண்டு. எந்த ஊர்த் திருவிழாவில் எந்தப் பாடல் எத்தனை முறை திரும்பப் போடப்பட்டது என்பதை அவர்கள் இப்போதும் வாய்நிறையச் சொல்லுகின்றனர். அதனை எழுதிக்கொள்ளப் பல்கலைக்கழகத்திலிருந்து எவரேனும் ஒரு கொப்பியோடு போகவேண்டும்.

இப்பாடல்கள் இன்று கைத்தொலைபேசியிற் கேட்கக் கிடைக்கின்றன. இரைச்சல் நீக்கிச் சுத்தமாக்கப்பட்டவை. கிதாரின் ஒவ்வொரு தந்தியும் தெளிவாகக் கேட்கின்றது. குரலோ சற்று மெலிந்து, கொழும்பு ஒலிப்பதிவுக் கூடத்தில் அன்று பாடப்பட்டபடியே இருக்கின்றது. மரக்கிளையிற் கட்டிய கூம்புக் குழாயிற் கேட்டு வளர்ந்தவர்கள் அதனைக் கேட்டுவிட்டு, 'பாட்டு இதுதான், ஆனால் இது அந்தப் பாட்டில்லை' என்கின்றனர்.